சொந்த மைல்ஸில் ஒரு டிக்கெட்

"கொடுத்தவனுக்கு ஒரு உரிமையும் இல்லீங்களா சாமி?"

வந்ததும் வராததுமாக மயில்சாமி கேட்டார். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர். பேரம் பேசியே மேலே வந்தவர். வயது அறுபது.

அந்தச் சின்ன மடத்தின் சாமிக்கு நாற்பதுகூட இருக்காது.

"உட்காருங்க. என்ன கொடுத்தீங்க?"

"டிக்கெட்டுங்க. நம்ம கம்பெனிப் புள்ள தமயந்தி, கண்காட்சிக்கு ஜெர்மனி போயிருக்குது. போகவர டிக்கெட் நான் போட்டது. கம்பெனிக் காசில்லீங்க. இருபது வருசம் பறந்து பறந்து நான் சேர்த்த மைல்ஸ். அதுக்கு விமானக் கம்பெனிக்காரன் சும்மா சீட் கொடுப்பான். சம்சாரத்தைச் சிங்கப்பூர் கூட்டிட்டுப் போலாம்னு வச்சிருந்தேன்."

"நல்ல மனசு."

"மனசுக்கென்ன! நேத்திலிருந்து போன் மேல போன். அவங்கம்மாவுக்கு நாளன்னைக்கு இருதய ஆபரேஷனாம். உடனே திரும்போணுமாம்."

"திரும்பட்டுமே."

"கண்காட்சி இன்னும் மூணு நாள் இருக்குதுங்க! ஸ்டாலை யாரு பார்ப்பா? தேதி மாத்தினா இன்னும் மைல்ஸ் போகும்."

"அவங்களே மாத்திக்கட்டும்."

"முடியாதுங்க. என் பேர்ல சேர்ந்த மைல்ஸ். நான் சொன்னாத்தான் மாத்துவான்."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"கம்பெனி எடுத்த டிக்கெட்டா இருந்தா?"

"டிராவல்ஸ்காரனுக்கு ஒரு போன் போட்டு அந்தப் புள்ளயே மாத்தியிருக்கும்."

"உங்களைக் கேக்காமயா?"

"பெத்தவளுக்கு ஆபரேஷன். இதுல என்னை எதுக்குங்க கேக்கோணும்?"

சொன்ன பிறகு மயில்சாமிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அது வேற, இது வேறங்க. இது என் சொந்தம்."

சாமி எழுந்தார். உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க."

மயில்சாமி டம்ளரைப் பிடித்தார். சாமி விடவில்லை.

மயில்சாமி இழுத்தார். மோர் தளும்பி வேட்டியில் கொட்டியது.

"விடுங்க சாமி!"

"கொடுத்துட்டேனே. குடிங்க."

"நீங்க பிடிச்சுட்டே இருந்தா நான் எப்படிங்க குடிக்கிறது?"

சாமி சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. தமயந்தி.

மயில்சாமி டம்ளரை விட்டார். ஈரக் கையோடு போனை எடுத்தார். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது.

"அழாத அம்மிணி. எந்த பிளைட்டு வேணும்னு மட்டும் சொல்லு."