ஆழாக்குக்கு ஓர் அழுகை

முன்னொரு காலத்தில் குறுங்கா நாட்டைச் சித்திரபூபதி என்னும் ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்லி, மதியத்தில் அதை மறுத்து, மாலையில் இரண்டையும் மறந்துவிடுகிற ராஜா. அவன் நாட்டில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மழை பெய்யவில்லை. அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. பெரிய ஏரியைத் தூர் வாராமல் விட்டதற்குச் சொல்லலாம்.

மூன்றாம் ஆண்டில் ராஜாவின் சிற்றன்னை காலமானாள். அரண்மனை இழவென்றால் பதினாறு நாள் ஒப்பாரி வைக்க வேண்டும். அந்த வேலை காத்தாயிக்கும் அவளைச் சேர்ந்த ஏழு பெண்களுக்கும் உரியது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு படி கம்பு கூலி. சாவுச் செய்தி காதில் விழுந்ததும் காத்தாயியின் மனத்தில் முதலில் தோன்றியது அந்தக் கம்புதான். வெட்கப்பட நேரமில்லை. அவள் மருமகள் பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. பால் சரியாக ஊறவில்லை. தாய் தின்றால்தான் பிள்ளைக்குப் பால்.

அரண்மனையில் தன்னைத் தவிர வேறு எவருக்கும் பழைய உரிமை என்று ஒன்று இருப்பதைப் பொறாதவர் அதிகாரி தேவப்பெருமாள். அவர் ராஜாவிடம் சொன்னார்: "மகாராஜா, இன்று நம் நாட்டில் மலிந்து கிடப்பது கண்ணீர் ஒன்றுதான். அதற்குப் போய்ப் படி கம்பு அளப்பதா? வாசலில் வேலை கேட்டு நூற்றைம்பது பெண்கள் நிற்கிறார்கள். கேட்டுத்தான் பார்ப்போமே."

ராஜாவுக்கு விளையாட்டென்றால் பிடிக்கும். வாசல் திறந்தது.

"குறைந்த கூலிக்கு அழுகிறவர் யார்?" என்றார் அதிகாரி.

"எனக்கு அரைப்படி போதும், சாமி."

"அரைப்படி என்னத்துக்கு? நான் உழக்குக்கு அழுவேன்."

"அவ மூஞ்சியைப் பாருங்க சாமி, கண்ணே வறண்டு கிடக்கு. எனக்கு அதில பாதி, ஆழாக்குக் குடுங்க."

பிறகு கடைசி வரிசையிலிருந்து சடைச்சி என்பவள் சொன்னாள்: "கஞ்சித் தண்ணி ஊத்தினாப் போதுங்க."

ராஜா சிரித்தான். "இன்னும் கொஞ்சம் விட்டால் இவர்களே நமக்குக் கூலி கொடுப்பார்கள் போலிருக்கிறது. காத்தாயி, நீ எவ்வளவுக்கு?"

"ஒரு படிக்கு, மகாராஜா."

"ஒரே சரக்கு இரண்டு விலைக்கு விற்குமா?"

"ஒரே சரக்கானால் விற்காது."

"அப்படியானால் உன் சரக்கு வேறு என்று காட்டு. காட்டினால் படி. இல்லையேல் பதினாறு நாளும் கூலியில்லாமல் அழ வேண்டும். சம்மதமா?"

காத்தாயி தலையசைத்தாள். "முதலில் அவர்கள் அழட்டும், மகாராஜா. எல்லாருக்கும் ஆழாக்குக் கம்பை முன்னதாகவே அளந்துவிடச் சொல்லுங்கள். பசித்த வயிற்றில் குரல் எழும்பாது."

அளந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் அடியில் இறந்துபோன நாச்சியாரின், ராஜாவின் சிற்றன்னையின், பெயர் வந்தது. இரண்டாம் அடியில் ஒருத்தியின் புருஷன் பெயர் வந்தது. அப்புறம் நாச்சியார் வரவேயில்லை. பஞ்சத்தில் செத்த இரண்டு வயதுச் சின்னாத்தாள் வந்தாள். ஏரி வற்றியபோது ஊரைவிட்டுப் போன மகன் வந்தான். ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் போன மூன்று பேரை ஒருத்தி ஒரே மூச்சில் அழுதாள். அதிகாரி "நிறுத்துங்கள்" என்றார். யார் காதிலும் விழவில்லை. ராஜா முதலில் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தான். நாற்பதுக்குமேல் எண்ணவில்லை.

காத்தாயி அருகில் வந்து மெல்லச் சொன்னாள்: "என் வீட்டிலும் இரண்டு பேர் செத்திருக்கிறார்கள், மகாராஜா. இந்தப் பதினாறு நாளும் அவர்கள் பெயர் என் வாயில் வராது. தாங்கள் படி கம்பு கொடுப்பது நான் அழுவதற்கு அன்று, அடக்குவதற்கு."

ராஜா கேட்டான்: "மூன்று ஆண்டுக்கு முன்னால் இவர்கள் எவ்வளவுக்கு வந்திருப்பார்கள்?"

"மூன்று படி கொடுத்தாலும் வந்திருக்க மாட்டார்கள். நடவுக்குப் போயிருப்பார்கள். வேறு வேலை இருக்கிறவள் கூலி பேசுவாள். இல்லாதவள் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்துக் குறைப்பாள்."

"தேவப்பெருமாளே," என்றான் ராஜா, "மலிவாக வாங்கிக் கொடுத்தீரே, நீரும் உட்கார்ந்து ஆழாக்குக்கு அழும்."

அதிகாரி மதியம்வரை முக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. "கண்ணில் கொஞ்சம் மண்ணு தூவட்டுங்களா, ஐயா?" என்று சடைச்சி பணிவாகக் கேட்டாள். இழவு வீட்டில் அன்று சிரிப்பும் எழுந்தது.

காத்தாயிக்குப் படி கிடைத்தது. ஒரு பட்டும் கிடைத்தது. அதோடு ராஜா, பெரிய ஏரியைத் தூர் வார வருகிற எவருக்கும் நாளுக்கு ஒரு படி கம்பு என்று பறையறைவித்தான். அந்த ஆணையை மட்டும் அவன் மறக்கவில்லை.

மறந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திராது. சுற்றியிருந்த நாடுகளிலும் மழையில்லை. முதல் நாள் முந்நூறு பேர் வந்தார்கள். ஐந்தாம் நாள் மூவாயிரம் பேர். களஞ்சியம் அதே களஞ்சியம்தான். கூலி அரைப்படியாயிற்று, உழக்காயிற்று. யாரும் கொடுமை செய்யவில்லை. மண் கூடைகள் ஐந்நூறு இருந்தன. அவற்றைக் கேட்டு நீண்ட கைகள் ஆறாயிரம்.

பதினேழாம் நாள் காலையில் காத்தாயியும் ஏரிக்குப் போனாள். அரண்மனை வேலை முடிந்துவிட்டது. மருமகளுக்கு அப்போதுதான் பால் நன்றாக ஊறத் தொடங்கியிருந்தது.

கங்காணி அவளை அடையாளம் கண்டுகொண்டான். "ராஜாவையே மடக்கின அம்மாவாச்சே. இன்னைக்குக் கூலி ஆழாக்கு. உங்களுக்கு எவ்வளவு வேணும், சொல்லுங்க."

அவன் கேலியாகக் கேட்கவில்லை. பதிலை எதிர்பார்த்தே நின்றான். காத்தாயி வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து முன்பின் அறியாத ஒருத்தி, வேற்று நாட்டுப் பேச்சில், மரியாதையாகவே சொன்னாள்: "அக்கா, உங்களுக்கு வேண்டாம்னா கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா?"

வரிசை கரையைத் தாண்டிச் சாலைவரை நின்றது.

"ஆழாக்கே போதும், ஐயா," என்று காத்தாயி குனிந்து கூடையை எடுத்துக்கொண்டாள்.