தோற்காத நாற்காலி

ஐரோப்பாவில் நாடுகளுக்கிடையே நடந்த செஸ் போட்டிக்கு நம் நாட்டு அணியாக ஐந்து பேர் போனார்கள். ஆடுவது நான்கு பேர். ஐந்தாமவர் மாற்று ஆட்டக்காரர். அந்த ஐந்தாமவர்தான் எங்கள் தூத்துக்குடி மாசிலாமணி. மேனேஜர் வைத்திலிங்கமோ தன் அக்கா மகன் சுகுமாரனையே தினமும் ஆடவிட்டு, மாசிலாமணியை எல்லாருடைய குளிர் கோட்டுகளையும் சுமக்கவைத்தார். அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒரே ஒரு ஆட்டம் கிடைக்காதா என்று ஏங்கியே மாசிலாமணிக்கு நாள்கள் போயின. கடைசிச் சுற்று ஹங்கேரியோடு. சுகுமாரன் அதுவரை எப்படியோ டிரா செய்தே தப்பித்திருந்தான்.

காலைச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும் மேனேஜர் அதட்டினார். "ஏய் மாசிலாமணி, சும்மாதானே திங்கறே? எங்க பையன் ஒரு தோல்விகூட இல்லாம ஊர் திரும்பணும். வழி சொல்லு. இல்லேன்னா இனி அணிப் பக்கமே வராதே."

"வழி இருக்கு சார். நம்ம அணியில ஒரு நாற்காலி இருக்கு. அதுல உட்கார்ந்தவன் இதுவரை தோத்ததே இல்லை."

"எதுடா அது?"

"என்னோடதுதான் சார். தம்பியை இன்னிக்கு அதுல உட்கார வைங்க."

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சுகுமாரன் முந்திக்கொண்டு, "மாமா, நான் அங்கேயே உக்காந்துக்கிறேன்" என்றான். மேனேஜரால் மறுக்க முடியவில்லை.

சுகுமாரன் இடத்தில் மாசிலாமணி ஆடினார். ஹங்கேரிக்காரனை மாலைவரை திணறவைத்து, கடைசியில் ஒரே ஒரு சிப்பாய் குறைவால் தோற்றார்.

"தோத்துட்டியே!" என்று மேனேஜர் இளித்தார்.

"ஆமா சார்," என்றார் மாசிலாமணி, ஸ்கோர் போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் பேருக்கு நேரே இத்தனை நாளா வெறும் கோடுதான் இருந்துச்சு. இன்னிக்கு ஒரு பூஜ்யம் இருக்கு. நானும் ஆடினேன்னு அது சொல்லும்."