புண் கழுவிய உலகம்மையார்

திருவேட்குடியில் கோயில் மதிலை ஒட்டி, ஏழைகளுக்கென்று ஒரு தர்ம ஆஸ்பத்திரி உண்டு. சர்க்கரை நோயில் கால் புண்ணாகிக் கிடப்பவர்களை அதன் கீழ்வார்டில் போட்டிருப்பார்கள். அவர்களுக்குக் கட்டுப் பிரித்துக் கழுவுகிற வேலை பார்த்தவர் உலகம்மையார். அவருடைய கணவரும் இதே நோயில், இதே வார்டில் இறந்தவர்தான். சீழில் ஊறி ஒட்டிப்போன துணியை உப்புத் தண்ணீர் விட்டு விட்டு, தோல் உரியாமல் எடுப்பார். எடுக்கும்போது, "புண்ணாற்றுநாதா, இது ஒன் காலுதான்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அந்த ஊர்ச் சிவனுக்கு அதுதான் பெயர். காலையில் அவரைக் கும்பிடாமல் உலகம்மையார் ஒருநாளும் வார்டுக்குள் நுழைந்ததில்லை.

எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் வார்டு வாடை உடம்பை விட்டுப் போகவில்லை. கோயிலில் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். ஒரு பிரதோஷத்தன்று கோயில் மேனேஜர் பூதலிங்கம் அவரை மறித்தார்.

"இனிமே கொடிமரத்துக்கு வெளிய நின்னே கும்பிடும்மா. மத்தவங்களும் சாமி பாக்கணும்லா."

"சரிங்கய்யா" என்று விலகி நின்றார். அங்கிருந்து பார்த்தால் கருவறை விளக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளியைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். வழியெல்லாம் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதார் என்பார்கள்.

ஐம்பத்து நான்காம் வயதில், வார்டுத் தரையில் கிடந்த ஊசிமருந்துக் கண்ணாடிச் சில்லு அவர் குதிகாலில் ஏறியது. சர்க்கரை அவருக்கும் இருந்தது. புண் ஆறாமல் அழுகத் தொடங்கியது.

அந்த மாதம்தான் டாக்டர் கோமதி புதுவகை மருந்துத் தாள்களை வரவழைத்தார். வெங்காயச் சருகு போன்ற தாள். புண்ணின் ஈரம் பட்டதும் உள்ளிருக்கும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, ஒரு வாரம் வரை கிருமிகளைக் கொல்லும். தினமும் கட்டுப் பிரித்து நோயாளியைக் கதற வைக்க வேண்டாம். உலகம்மையாருக்கும் ஆறு தாள் எழுதினார் டாக்டர். இரண்டு போட்டதற்கே அழுகல் நீங்கிச் சிவந்த சதை தெரிந்தது. அத்தோடு வரத்து நின்றது. சோதனைக்கென்று அனுப்பியவர்கள், சோதனை முடிந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியது உலகம்மையார் பேருக்கு இருந்த நான்குதான்.

ஆறாம் கட்டிலில் கல்லுடைக்கும் தவசி கிடந்தான். அவன் பாதத்தில் எலும்பு தெரிந்தது.

"புண்ணாத்துநாதராம்லா ஒன் சாமி? அவரு மதிலுக்கு இந்தப் பக்கந்தான் எங்காலு அழுகுது. கூப்பிட்டுப் பாரு, வருதாரான்னு" என்று தினமும் ஏசுவான்.

ஒருநாள் உலகம்மையார் டாக்டரிடம் போனார். "எனக்கு எழுதுனத அவனுக்குப் போடுங்கம்மா."

"போட்டா ஒங்க காலு போயிரும் உலகம்மக்கா."

"நின்னு செய்யுத வேலைய நான் உக்காந்து செஞ்சுக்கிடுதேன். அவன் கல்லுடைக்க நிக்கணும்லா."

மூன்று தாளில் தவசியின் புண் மூடியது. அவன் நடந்தே வீட்டுக்குப் போனான். போகும்போது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உலகம்மையாரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒற்றைக் காலோடு இங்கே என்ன வேலை என்று ஆஸ்பத்திரி அவரை நீக்கியது. அவர் போகவில்லை. நோயாளிகள் மிச்சம் வைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு, தரையில் நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்குக் கட்டில் கால் கழுவினார்.

மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் மதியம், இடது காலை நொண்டியபடி ஒரு பெரியவர் வார்டுக்குள் வந்தார். ஊழியர்கள் பாதிப்பேர் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். உலகம்மையார் புண்ணாயிருந்த அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தார்.

"எவ்வளவு நாளா இருக்குய்யா?"

"ஆடத் தொடங்குன நாள்லருந்து."

கூத்துக் கட்டுகிறவர் போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"ஒன்னக் கோயிலுக்குள்ள விடலையாமே. கோவம் வரலியா?" என்றார் பெரியவர்.

"வராம இருக்குமா? இவ்வளவு பேரு கெடக்கோம், ஒருநாள் வந்து பாக்கலியேன்னு அவருமேலதான் கோவம்."

"நானும் ஒங்கூட வெளியதாம்மா நின்னேன்."

இவரையும் வாடைக்காக விரட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி அவர் மனம் கசந்தது. தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே தாளைப் பிரித்து அந்தப் பாதத்தில் ஒட்டினார்.

மறுநாள் விடியலில் நடராசருக்கு அபிஷேகம். பாலும் தேனும் வழிந்தோட, தூக்கிய இடது பாதத்தில் மட்டும் ஏதோ ஒட்டிக்கொண்டு வராமலிருந்தது. குருக்கள் தீபத்தை அருகே பிடித்துப் பார்த்தார். தரிசனத்துக்கு வந்திருந்த டாக்டர் கோமதி எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "இது எங்க வார்டுத் தாளு. ஒண்ணுதான் இருந்துச்சு. உலகம்மக்காகிட்ட."

மாலையும் மேளமுமாக பூதலிங்கம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். உலகம்மையார் தரையில் அமர்ந்து யாருக்கோ கால் கழுவிக்கொண்டிருந்தார். பூதலிங்கம் அந்த ஈரத்திலேயே விழுந்து வணங்கி, நடந்ததைச் சொன்னார்.

"சாமி ஒங்கள உள்ள கூப்பிடுதாரும்மா."

உலகம்மையார் தம் கைகளைப் பார்த்தார். கண்ணீர் வழிந்தது.

"அவரு காலு ஆறிரும்யா. இங்க பதினோரு பேருக்குத் தாளு இல்ல. அதுக்கு என்ன சொல்லுதாருன்னு கேட்டுட்டு வாங்க. நான் இந்தக் கால முடிக்கேன்."

மேளம் நின்றது. பதினோரு கால்களையும் கழுவி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. அன்று அவர் கோயிலுக்குப் போகவில்லை. தாள் அந்த வருஷம் வரவில்லை. பதினொருவரில் நால்வர் கால் இழந்தார்கள். பங்குனியில் உலகம்மையார் அந்த வார்டிலேயே கண் மூடியபோது, நடராசருக்குச் சாத்தியிருந்த மாலையைக் குருக்களே கொண்டுவந்து அணிவித்தார்.

இறைவனைக் கோபித்துக்கொள்ளும் உரிமையை உழைத்துப் பெற்ற அந்த அம்மையாரின் ஒற்றைத் திருவடிக்கு நம் வணக்கம்.