ஆவுடையப்பரின் கட்டைவிரல்

தங்களுக்குப் புத்தி கொஞ்சம் கூடுதல் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் இந்தக் கதையைப் படித்தால் போதும். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. மற்றவர்கள் ஆவுடையப்பரின் உறவினர்களோடு பந்தியில் போய் உட்காரலாம். அங்கே புத்திக்கு வேலை இல்லை.

ஆவுடையப்பர் திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஊரில் பெரிய வீடும், வீட்டைவிடப் பெரிய வாயும் உடையவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கட்டைவிரலால் தடவியே மாம்பழத்தின் ரகத்தைச் சொல்லிவிடுவார். பொய்யில்லை, ஒருமுறைகூடத் தப்பியதில்லை. வாழ்க்கையில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்பதால், எல்லாக் கல்யாண வீட்டிலும் அதைச் செய்து காட்டுவார்.

அவருக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் உலகம்மையின் புருஷன் புதிதாகக் கார் வாங்கி, நிறுத்த இடமில்லாமல் தெருவில் போட்டிருந்தான். இளையவள் வடிவு, புருஷன் இறந்த பிறகு வீட்டுக்குப் பின்னால் தோட்டத்து ஓட்டு அறையில் தையல் மெஷினோடு குடியிருந்தாள். அந்த அறையை இடித்தால் கார் அம்சமாக நிற்கும் என்று வீட்டில் பேச்சு. அறை போனால் வடிவுக்குப் போக்கிடம் கிடையாது. அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே அதைப் பேசுகிற அளவுக்குப் பண்பான குடும்பம்.

நேராக வெளியே போகச் சொன்னால் ஊர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கும். அதனால் ஆவுடையப்பர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆவணியில் இரண்டு ருமானி ஒட்டுக்கன்று வாங்கி, மருமகளுக்கு ஒன்றாகத் தோட்டத்தில் நட்டார். ருமானி தெரியுமல்லவா, பந்துபோல உருண்டையாகக் காய்க்கும். முதல் காயை அம்மனுக்குப் படைப்பது அந்த வீட்டு வழக்கம். சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவன்று எவள் கன்றின் காய் அம்மன் முன்னால் வருகிறதோ, அவளுக்கே தோட்டம், அறை எல்லாம் என்று உறவினர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். உறவினர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு அது நன்றாக வரும்.

கன்று விற்றவன் அன்றைக்கே சொல்லியிருந்தான்: "அண்ணாச்சி, மூணு வருசத்துக்குப் பூவைக் கிள்ளிப் போட்டுருங்க. தண்டு தேறட்டும்."

"பூக்கிறதை எவனாவது கிள்ளுவானாலே? கூறுகெட்ட பய," என்றார் ஆவுடையப்பர்.

தை பிறந்ததும் இரண்டு கன்றும் பூத்தன. சுண்டுவிரல் பருமன்தான் தண்டு, அதன் தலையில் கொத்துக் கொத்தாகப் பூ. வடிவு பார்த்துக்கொண்டே நின்றாள். தன் அறை அந்தப் பூவில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கன்று இப்போதே வளைந்து நின்றது. அழுதுகொண்டே எல்லாப் பூவையும் கிள்ளிப் போட்டாள்.

வீடே கூடிவிட்டது. "அம்மனுக்கு வரவேண்டியதைக் கிள்ளிட்டியே, நீயெல்லாம் பொம்பளையா?" என்றார் ஆவுடையப்பர்.

"அதுவே பச்சப்பிள்ளை மாமா. அது இடுப்புல இன்னொரு பிள்ளையை எப்படி ஏத்துறது?"

"புருசனை முழுங்கினவ பூவை விட்டுவைப்பாளா?" என்றாள் உலகம்மை. உறவினர்கள் அதற்கும் தலையை ஆட்டினார்கள்.

உலகம்மை தன் கன்றுக்குக் கண்ணேறு படாமல் கறுப்புக் கயிறு கட்டினாள், தினமும் இளநீர் ஊற்றினாள். பிடித்த பிஞ்சுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசிப் பிஞ்சும் பங்குனிக் காற்றில் போயிற்று. அந்த வாரமே வடிவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு பச்சை நூல்கண்டு காணாமல் போயிற்று.

கொடையன்று காலையில் உலகம்மையின் கன்றில் ஒரு மாங்காய் தொங்கியது. முந்தின நாள் மாலை வரை இலையைத் தவிர ஒன்றும் இல்லாத கன்று. காய் நீளமாக, நுனி வளைந்து, காம்போரம் பச்சை நூல் சுற்றியிருந்தது. பிறந்தது முதல் மாம்பழம் தின்று வளர்ந்த அத்தனை உறவினர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஆவுடையப்பர் காயைப் பறித்தார். பழக்கதோஷம், கட்டைவிரல் தானாக ஓடியது. வளைந்த நுனியில் வந்து நின்றது. அவரும் ஒரு கணம் நின்றார். பிறகு காயைத் தாம்பாளத்தில் வைத்துப் பட்டுத்துணியால் மூடி, "மேளத்தை அடிங்கலே," என்றார்.

அம்மன் முன்னால் படைத்துவிட்டு வடிவைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஏதாவது சொல்லணுமா?"

"அவதான் பார்த்துக்கிட்டு இருக்காளே மாமா," என்று அம்மனைக் காட்டினாள் வடிவு. சாயங்காலம் தையல் மெஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது கேள்வி. பூவைக் கிள்ளியவள் வடிவு. காயைக் கட்டியவள் உலகம்மை. அதைப் படைத்தவர் ஆவுடையப்பர். இந்த மூவரில் அம்மனை ஏமாற்றியது யார்?

வடிவு என்று சொன்னவர்கள் பந்திக்கு எழுந்து போகலாம். அம்மனுக்கு நேர்ந்துகொண்டது காயை, பூவை அல்ல. உலகம்மை என்று சொன்னவர்களுக்குப் பாதிப் புத்தி இருக்கிறது. அவள் சந்தையில் வாங்கிய கிளிமூக்கு மாங்காயைக் கட்டி மாமனாரையும் உறவினர்களையும் ஏமாற்றப் பார்த்தாள், அவ்வளவுதான். மாமனார் ஏமாறவில்லை. ருமானிக்கு மூக்கு கிடையாது என்று அவர் கட்டைவிரலுக்குத் தெரியும். தெரிந்தே அம்மன் முன்னால் வைத்தவர் அவர்.

அறை இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. உலகம்மையின் கன்று மறு கோடையிலேயே பட்டுப்போயிற்று. வடிவின் கன்று காருக்குப் பக்கத்தில் மரமாகி, சில வருடங்கள் கழித்துக் கிளை தாழக் காய்த்தது. கொடைக்கு வந்த உறவினர்களில் ஒருவர் ஆவுடையப்பரின் கண்ணைக் கட்டி, அதன் முதல் காயைக் கையில் கொடுத்து, "என்ன ரகம், சொல்லுங்க அண்ணாச்சி," என்றார். கட்டைவிரல் உருண்டைக் காயைச் சுற்றிச் சுற்றி வந்தது. ருமானி என்று சொன்னால், அன்றைக்குப் படைத்தது என்ன என்று அடுத்த கேள்வி வரும். "தெரியலையே," என்றார் ஆவுடையப்பர்.