புடலம்பிஞ்சுல கட்டுன முடிச்சு

ஒரே ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு யானை இருந்துச்சு, குதிரை இருந்துச்சு, சாப்பிட வெள்ளித்தட்டு இருந்துச்சு, சிரிப்பு மட்டும் இல்ல. கூத்தாடி வந்து தலகீழா நின்னாலும் உர்ருன்னுதான் உக்காந்திருப்பாராம். அந்த அரமனைக்குப் பின்னால ஒரு காய்கறித் தோட்டம். அதப் பாத்துக்கிட்டவ ஒச்சம்மான்னு ஒருத்தி. புருசனும் போயாச்சு, பிள்ளகுட்டியும் இல்ல, அவளுக்குன்னு இருந்தது அந்தத் தோட்டம் ஒண்ணுதான். அதுவும் ராசாவோடது.

விடிஞ்சதும் தோட்டத்துக்குள்ள போவா, போனதும் களுக்குன்னு சிரிப்பா. ராசா மாடியில நின்னு அதக் கேட்டாரு, கேட்டுட்டு எறங்கி வந்தாரு, வந்து, "ஏம்மா ஒச்சம்மா, எதுக்குச் சிரிச்ச?"ன்னாரு.

"மகாராசா, பாத்திக்குத் தண்ணி தொறந்துவிட்டேன். தண்ணி நொரையத் தள்ளிக்கிட்டு ஓடுச்சு. ஒரு எறும்பு சருகு மேல ஏறிக்கிட்டு, ஓடத்துல போற மாதிரி கடைசிப் பாத்தி வரைக்கும் போயி எறங்குச்சு. அதான் சிரிச்சேன்."

"இதுக்கா சிரிச்ச?"

"இதுக்குத்தான் மகாராசா."

மறுநாளும் சிரிச்சா. ராசா எறங்கி வந்து, "இன்னைக்கு எதுக்குச் சிரிச்ச?"ன்னாரு. "வெண்டைப் பூவுக்குள்ள ஒரு வண்டு தூங்குது மகாராசா, மூஞ்சியெல்லாம் மஞ்சப்பொடி. அதான் சிரிச்சேன்."

"இதுக்கா சிரிச்ச?"

"இதுக்குத்தான் மகாராசா."

அதுக்கு மறுநாளும் சிரிச்சா. ராசாவும் வந்தாரு. "பீர்க்கங்கொடி என் சுண்டுவிரலச் சுத்திப் பிடிச்சுக்கிருச்சு மகாராசா, பச்சப்பிள்ள பிடிக்கிற மாதிரி. விடுடா விடுடான்னு கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன்."

ராசாவுக்கு மனசு கேக்கல. எனக்கு இத்தன இருந்தும் வராத சிரிப்பு இவளுக்கு எப்படி வருதுன்னு மருகுனாரு. பக்கத்துலயே நின்னான் பாருங்க, தோட்டத்து மணியக்காரன் சோணமுத்து, அவன் ராசா காதுல போயி ஓதிட்டான். "மகாராசா, எறும்புக்கும் வண்டுக்கும் எவளாச்சும் சிரிப்பாளா? தோட்டத்துல பொதையல் எடுத்திருக்கா. மணி மணியாத் துணியில முடிஞ்சு புடலங்கொடியில தொங்கவிட்டிருக்கா, நானே பாத்தேன்!"

என்ன சிரிக்கிறீக? உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புடலம்பிஞ்சு சும்மா விட்டா சுருண்டுக்கும். நுனியில ஒரு சின்னக் கல்லக் கட்டித் தொங்கவிட்டாத்தான் நேரா எறங்கும். அந்தத் தடிப்பய தோட்டத்து மணியக்காரன்னு பேரு வச்சுக்கிட்டு, புடலங்காயக் கூட்டுல மட்டுந்தான் பாத்திருக்கான்.

ராசா சொல்லிட்டாரு: "விடிஞ்சதும் நானே வந்து பாக்குறேன். மணி இருந்துச்சுன்னா, பொழுது சாயறதுக்குள்ள அவ என் தோட்டத்த விட்டுப் போயிரணும்."

சோணமுத்துக்கு அப்பத்தான் பேராச முட்டுச்சு. ராசாவுக்கு முந்தி நாம போயிருவோம்னு கருக்கல்லயே போயி, முடிச்சையெல்லாம் அறுத்து மடியில கட்டிக்கிட்டான். பிரிச்சுப் பாக்கலாம்னா அதுக்குள்ள ராசா பரிவாரத்தோட வந்துட்டாரு.

ஒச்சம்மா ஓடி வந்தா, பந்தலப் பாத்தா, வயித்துல அடிச்சுக்கிட்டா. "ஐயோ, எந்தப் பாவி அறுத்தான்? எம்பிள்ளைக எல்லாம் சுருளுதே!"

"பாத்தீகளா, எடுத்து ஒளிச்சுட்டு நடிக்கிறா!"ன்னான் சோணமுத்து.

"நீ என்னம்மா சொல்ற?"ன்னாரு ராசா.

அவ கண்ணத் தொடச்சுக்கிட்டா. "நான் சொன்னா யாரு நம்புவா? போகச் சொன்னா போயிர்றேன் மகாராசா. ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போறேன். அந்தா, சுரை வெதை மண்ணப் பொளக்குது. அது வெளிய வரட்டும், கெளம்பிர்றேன்."

போற வேளையிலயும் இவளுக்கு இது கேக்குதா, அப்படி என்னத்தத்தான் பாக்குறான்னு ராசாவும் பாத்திக்குப் பக்கத்துல குத்தவச்சாரு. மண்ணு மயிரெழ மாதிரி வெடிப்பு விட்டிருந்துச்சு. ஒரு பொடி மண்ணு அசைஞ்சுச்சு. வெளுத்த கழுத்து ஒண்ணு வளஞ்சு முட்டுச்சு, நின்னு ஓஞ்சுச்சு, மறுபடி முட்டுச்சு. ராசா மூச்ச அடக்கிக்கிட்டாரு. தன்ன விடப் பெரிய மண்ணாங்கட்டிய அது அப்படியே ஒதுக்கித் தள்ளிட்டு, வெதத்தோலத் தொப்பி மாதிரி தலையில மாட்டிக்கிட்டு எந்திரிச்சு நின்னுச்சு! அந்த இருட்டுக்குள்ள கெடந்ததுக்கு மேல எது, கீழ எதுன்னு யாரு சொல்லிக் குடுத்தது? இந்த வயசுலயும் எனக்கு வெளங்கலடா. நெனச்சா இப்பவும் ஒடம்பு சிலுக்குது.

ராசாவோட கிரீடம் நழுவிச் சேத்துல விழுந்துச்சு. அவரு அதத் திரும்பிக்கூடப் பாக்கல. கண்ணு ரெண்டும் கலங்குது, வாயி மட்டும் சிரிக்கிது. "எல்லாரும் குனிஞ்சு பாருங்கடா, எல்லாரும் பாருங்கடா!"ன்னு கத்துனாரு.

மந்திரி குனிஞ்சாரு, சேவகன் குனிஞ்சான், சோணமுத்து மட்டும் வெறச்சுப் போயி நிக்கிறான். "ஏன்டா, உனக்கு மட்டும் இடுப்பு வளையாதா? குனிடா!"ன்னாரு ராசா. குனிஞ்சான். மடி அவுந்து முடிச்செல்லாம் பொலபொலன்னு கொட்டுச்சு. பிரிச்சா அம்புட்டும் ஓடக்கல்லு! "பிஞ்சு நேரா எறங்கத்தான் கட்டுனேன் மகாராசா"ன்னா ஒச்சம்மா.

ராசா அவன அடிக்கல, சிறையில போடல. "கல்லு செஞ்ச வேலைய இனி நீ செய்யி. பிஞ்செல்லாம் நேராகுற வரைக்கும் பந்தலுக்கடியில நின்னு நுனியப் பிடிச்சுக்கிட்டே இரு"ன்னுட்டாரு. தோட்டத்த ஒச்சம்மாவுக்கே எழுதிவச்சுட்டு, விடிஞ்சதும் அவ பக்கத்துல வந்து குத்தவச்சுக்கிட்டாரு.

சோணமுத்து நின்னான், நின்னான், கழுத்து வலிக்க நின்னான். எங்கிட்டும் போக முடியாது, எதுத்தாப்புல இருக்கறதப் பாக்கத்தான் முடியும். ஒருநாள் காலையில பந்தலுக்கடியில இருந்து களுக்குன்னு ஒரு சத்தம்.

"எதுக்குடா சிரிச்ச?"ன்னாரு ராசா.

"மகாராசா... பக்கத்துப் பீர்க்கங்கொடி என் காதப் பிடிச்சுக்கிருச்சு."

"இதுக்கா சிரிச்ச?"

"இதுக்குத்தான் மகாராசா."

புடலங்கா நேராச்சு, கதையும் காயாச்சு, பறிச்சவுக கண்ண மூடிப் படுங்க. விடிஞ்சதும் எந்திரிச்சு, கொல்லையில என்ன மொளச்சிருக்குன்னு பாத்து எனக்கு வந்து சொல்லணும்.