பாடை காத்திருந்த காலை

பனி இன்னும் விலகவில்லை. குடிசைகள் எல்லாம் தரையைத் தொடாமல் மிதப்பது போலிருந்தது. குருவனின் உடல் வாசலில் பாடைமேல் கிடந்தது. தூக்கத்தான் யாரும் வரவில்லை.

இன்பராஜ் சவரியம்மாவைத் தேடி ஓடினான். தலை நரைத்த பிறகும், சனங்களின் உரிமைக்குப் போராடும் சங்கத்தில் அவளிடம்தான் வேலை பழகுகிறான். மேடை ஏறினால் மைக்கை லேசில் விடமாட்டான். அன்று அவன் பேச்சுக்கு யாரும் அசையவில்லை.

“அக்கா, நம்ம சனத்தோட பொணம் இதுவரைக்கும் வாய்க்கால் சேத்துலதான் போயிருக்கு. பெரிய தெரு வழியாப் போகலாம்னு கோர்ட்டே சொல்லிருச்சு. காவலுக்குப் போலீசு நிக்குது. ஒருத்தனும் தோள் கொடுக்க மாட்டேங்கிறான். இன்னைக்கு விட்டா இனி எப்பவும் சேறுதான்.”

“அவன் பொண்டாட்டி என்ன சொன்னா?”

“பெரிய தெருவுல கொண்டு போறோம்னேன். சரின்னுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? ஆளக் கூப்பிடப் போயிட்டேன்.”

சவரியம்மா வந்து, குருவனின் மனைவி வெள்ளத்தாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல்கூடச் சொல்லவில்லை. இன்பராஜ் வாயைத் திறந்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சாம்பிராணிப் புகை பனியோடு கலந்தது. எங்கோ மாட்டு மணி கேட்டது, பிறகு அதுவும் இல்லை. தான் விழித்திருக்கிறோமா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேரம் போகிறதே என்று பெரிய தெருப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

வெள்ளத்தாயி பாடையைப் பார்த்தபடியே பேசினாள்.

“அந்தத் தெரு வந்தாச் செருப்பக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிருவாரு. கடைசி வரைக்கும் அப்படித்தான். இன்னைக்குக் கால்ல போட்டுவிடணும்க்கா. பொணத்துக்கு எதுக்குச் செருப்புன்னு சிரிப்பீகளோன்னுதான் சொல்லல.”

யாரும் சிரிக்கவில்லை. குருவனின் தம்பி உள்ளே போய்ச் செருப்பை எடுத்துவந்தான். வெள்ளத்தாயி தன் கையாலேயே மாட்டிவிட்டு எழுந்தாள். அதுவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பங்காளிகள் எல்லாரும் எழுந்தார்கள். பாடை தோளுக்கு ஏறியது.

பெரிய தெருவில் நடக்கும்போது இன்பராஜுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“எங்கிட்ட ஏன்க்கா வெள்ளத்தாயி அதச் சொல்லல?”

சவரியம்மா நடையை நிறுத்தவில்லை.

“சரின்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. நீ அதோட எந்திரிச்சிட்ட.”