கூட விழாத பெட்டி

"எத்தனையோ பார்த்துட்டேனுங்க மேடம். எந்தப் பெட்டி வாங்கறதுன்னே புரியல."

சென்னியப்பன் மடிக்கணினியைத் திறந்து நீட்டினார். திரை முழுக்கப் பெட்டிகளின் படங்கள்.

நஸ்ரீன் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

கோவையில் ஒரு மருத்துவமனை, அதற்கு ஊர் ஊராகக் கிளைகள். அத்தனைக்கும் கணினி இணைப்புகளைப் பார்த்துக்கொள்பவர் சென்னியப்பன். நஸ்ரீன் வயதில் அவருக்கு இளையவர். ஆனாலும் இந்த வேலையில் வழி தெரியாமல் நிற்பவர்கள் கடைசியில் வந்து சேர்வது நஸ்ரீனிடம்தான்.

"முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க சார்."

"மலை மேல ஒரு கிளை இருக்குங்க. அங்க இருக்கற ரூட்டர்ல கோவையிலிருந்தே ஒரு மாற்றம் பண்ணினேன். ஒரு வரி தப்பாப் போச்சு. லைன் போயிருச்சு. திருத்தலாம்னா உள்ள போக முடியல. நான் உள்ள போற கதவை நானே சாத்திட்டேன்."

"அப்புறம்?"

"வண்டி எடுத்துட்டு மலையேறினேன். ரூட்டருக்குப் பின்னால கன்சோல்னு ஒரு துளை இருக்குங்களே, அதுல கேபிளைச் செருகி அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டேன். ஆனா அதுக்குள்ள..."



அன்று மலையில் ஒரு கர்ப்பிணியின் ஸ்கேனைக் கீழே இருக்கும் டாக்டருக்கு அனுப்ப முடியவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். பாதி வழியில், ஒரு வளைவில், குழந்தை பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள். மலையேறிக்கொண்டிருந்த சென்னியப்பன் அந்த ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டிருந்தார். உள்ளே யார் என்பது மேலே போன பிறகுதான் தெரிந்தது.

"அதனால அந்தக் கன்சோல்ல எப்பவும் ஒரு பெட்டியை மாட்டி வச்சிரலாம்னு பார்க்கறேன். லைன் போனாலும் பெட்டி வழியா இங்கிருந்தே ரூட்டரைத் தொடலாம். பதினாறு கேபிள் மாட்டற மாதிரி பெருசா ஒண்ணு இருக்குங்க. சிம் கார்டு போடற மாதிரி சின்னதா ஒண்ணு. பழைய கம்ப்யூட்டரே போதும்ங்கறாங்க சில பேரு. எதுங்க மேடம்?"

"நீங்க விழும்போது கூடச் சேர்ந்து விழாதது."

சென்னியப்பன் காத்திருந்தார். நஸ்ரீன் மடிக்கணினியை மூடி அவரிடமே நீட்டினார்.

வீட்டுக்குப் போயும் அவருக்கு அது பிடிபடவில்லை. விழாதது என்றால் உறுதியானதா? அதிக நாள் உழைப்பதா? யோசித்து யோசித்து, இருப்பதிலேயே கனமான பெரிய பெட்டியை, பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று கேட்டு வாங்கினார். மலைக்குப் போய் மாட்டிவிட்டு வந்தார்.

"மாட்டிட்டேனுங்க மேடம். வந்து பாருங்க."

"நான் மேல போறேன். நீங்க கீழயே இருங்க."

வெளிநோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, டாக்டரிடம் சொல்லிவிட்டு, நஸ்ரீன் மலையேறினார். சென்னியப்பன் கோவை அலுவலகத்தில் உட்கார்ந்தார். போன் அடித்தது.

"மெயின் லைனைக் கழட்டிட்டேன். உள்ள வாங்க சார்."

சென்னியப்பன் தட்டினார். திரை அசையவில்லை.

"வர முடியலைங்களே மேடம். பெட்டி ரிப்பேருங்களா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. பெட்டியிலிருந்து ஒரு கேபிள் வருதே, அது எங்க போகுது?"

"எல்லாக் கேபிளும் வந்து சேர்ற ஸ்விட்சுக்குங்க."

"ஸ்விட்சிலிருந்து?"

"ரூட்டருக்கு."

"ரூட்டரிலிருந்து?"

"மெயின் லைனுக்..."

மறுமுனையில் நஸ்ரீன் லைனைத் திரும்ப மாட்டும் சத்தம் கேட்டது.

அடுத்தது சிம் போடும் சின்னப் பெட்டி. இதற்கு மெயின் லைனே வேண்டாம். இந்த முறை சென்னியப்பனுக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த ஞாயிறு நஸ்ரீன் மறுபடி மேலே போனார். மலையில் நல்ல மழை.

போன் வருவதற்கு முன்பே லைன் போய்விட்டதைத் திரையில் பார்த்துவிட்டார் சென்னியப்பன். சின்னப் பெட்டியைத் தேடினார். அதையும் காணோம்.

அப்போதுதான் போன் வந்தது.

"ரெண்டையும் கழட்டிட்டீங்களா மேடம்?"

"நான் எதையும் தொடலை சார். கீழ ரோட்டுல பொக்லைன் தோண்டிட்டு இருந்துச்சு. கேபிள் அறுந்துருச்சாம்."

"சிம்முக்கு எதுக்குங்க கேபிள்?"

"சிம் டவரோட பேசும். டவர் யாரோட பேசும்?"

சென்னியப்பன் தலையைப் பிடித்துக்கொண்டார். லைன் எந்தக் கம்பெனியோ, சிம்மும் அதே கம்பெனி. சேர்த்து எடுத்தால் பில்லுக்கு வசதி என்று அவர்தான் எடுத்திருந்தார். இரண்டும் ஒரே கேபிளில் மலையிறங்கி வந்துகொண்டிருந்தன.

"உங்க போன் மட்டும் எப்படிங்க வேலை செய்யுது?"

"இது வேற கம்பெனி. அதோட டவர் எதிர் மலையில இருக்கு."

சிம்மை அந்த வேறு கம்பெனிக்கு மாற்றினார். அன்றைக்கு இரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பெட்டியைத் தேர்ந்தெடுக்கத்தானே போனோம், டவரையும் ரோட்டையும் எதற்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? பெட்டியைப் பற்றி அந்த அம்மா இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே.

மூன்றாவது ஞாயிறு.

"கழட்டிட்டேன். வாங்க சார்."

தட்டினார். திரை கண் விழித்தது. பெட்டி அவர் பெயரைக் கேட்டது.

"வந்துட்டேனுங்க மேடம்!"

"உள்ள வாங்க."

பெயரை அடித்தார். கடவுச்சொல்லை அடித்தார். பெட்டி நெடுநேரம் யோசித்தது. பிறகு மறுத்தது.

மறுபடி, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தார். மறுபடியும் மறுத்தது.

"நான்தாங்க மேடம் வச்சேன் இந்தக் கடவுச்சொல்லை. தப்பே இல்லை. என்னையே தெரியாதுங்குது."

"அது யாரைக் கேட்டுட்டு உங்களைத் தெரியாதுன்னு சொல்லுது?"

"எல்லாக் கடவுச்சொல்லும் ஒரே இடத்துல இருக்கணும்னு கோவையில ஒரு சர்வர் வச்சிருக்கேனுங்க. அதைக் கேட்கும்."

"எந்த வழியாக் கேட்கும்?"

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். பக்கத்து அறையில் அந்த சர்வர் பச்சை விளக்கு மினுங்க ஓடிக்கொண்டிருந்தது. வெளியார் தொடாதபடி அதை மெயின் லைனுக்கு மட்டுமே அவர் திறந்து வைத்திருந்தார்; சிம் வழியாக எட்ட முடியாது. அதைக் கேட்கப் பெட்டிக்கு இருந்த ஒரே வழியை நஸ்ரீன் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் கிளம்பி வர்றேனுங்க," என்றார்.

மதியம் மலைக்குப் போய்ச் சேர்ந்தார். பெட்டியின் எதிரே தரையில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் அதுவே திறந்துவிடும்படி அதற்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் வைத்தார். சுற்றியிருந்த கேபிள்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு, எங்கிருந்து எங்கே போகிறது என்று தடவிப் பார்த்தார். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இப்ப இந்தப் பெட்டியையே வாங்கிரலாங்களா மேடம்?"

நஸ்ரீன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நான் கோவைக்குப் போய் உங்க நாற்காலியில உட்கார்றேன். நீங்க இங்க இருந்து கழட்டுங்க."

"எதைங்க மேடம்?"

நஸ்ரீன் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"எதைக் கழட்டப் பயந்து கை வரலையோ, அதை."